வால்வும் குரலும்

இலங்கையின் மேற்குக் கரையிலே, தெற்கே மகா ஓயாவின் கழிமுகத்தருகில் தொடங்கி, சிலாபம், உடப்பு, கற்பிட்டி எனும் ஊர்களைத் தழுவி, வடக்கே குதிரைமலைப் பக்கம் வரை நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை. ஒருபுறம் தென்னந்தோப்புகள், மறுபுறம் மணல்மேடுகள், இடையே அகன்ற களப்பு, அக்களப்பின் ஓரத்திலே வெள்ளை வெளேரென உப்புக் குவியல்கள் என்று அமைந்த நிலம் அது. கடல் கடந்து வரும் மனிதரையும் அவர்தம் சொல்லையும் எதிர்கொள்வது அக்கரைக்குப் புதிதன்று. 1344ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுனு பதூதா, மாலைதீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளத்தில் வந்திறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தியை அங்கே கண்டு உரையாடினார். அம்மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொள்ள வல்லவராயிருந்தார் என்ற செய்தியையும் தமது பயண நூலில் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஆறு நூற்றாண்டுகள் கழிந்தபின், அதே கரையிலே மற்றொரு வகையான சொற்போக்குவரத்து உண்டாயிற்று. மரக்கலம் ஏறி வந்த சொல் வானலை ஏறி வந்தது. முதலில் அக்கரை மக்கள் அதனைக் கேட்டனர். பிறகு அக்கரையிலிருந்தே அது கடல் கடந்து சென்றது. கேட்ட காலத்திலும் அனுப்பிய காலத்திலும் அச்சொல்லுக்கு வலுவூட்டியது ஒரு பொருளே. கண்ணாடிக் குப்பியினுள்ளே செந்நிறமாக ஒளிவிடும் வால்வு என்னும் வெற்றிடக் குழாயே அது. பாட்டுக் கரகரத்தால் வால்வை மாற்று, பேச்சுத் தேய்ந்தால் வால்வை மாற்று, இன்னும் இனிமை வேண்டுமென்றாலும் வால்வை மாற்று என்பது அக்காலத்து வழக்கு. அந்த வழக்கில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதை அறிய, வால்வின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

தோமஸ் எடிசன் தமது மின்விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்த 1880களிலே, சூடேறிய இழையிலிருந்து விளக்கினுள்ளே வைத்த மற்றொரு தகட்டுக்கு வெற்றிடத்தினூடாகவே மின்னோட்டம் செல்வதைக் கண்டார். அதன் காரணம் அவருக்கு விளங்கவில்லை. இலத்திரன் என்னும் நுண்துகள் பின்னரே கண்டறியப்பட்டது. ஆங்கிலேய அறிஞரான அம்புரோஸ் பிளெமிங் 1904ஆம் ஆண்டிலே அந்நிகழ்ச்சியைப் பயன்படுத்தி, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் குழாயொன்றை ஆக்கினார். நீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் அடைப்பிதழைப் போன்று அது தொழிற்பட்டமையால், அதற்கு வால்வு என்று பெயரிட்டார். ஈராண்டுகளின் பின் அமெரிக்கரான லீ டி பொறஸ்ற் அக்குழாயில் மாற்றம் செய்யத் தொடங்கி, இழைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பிவலையை வைத்தார். அச்சிறு கம்பிவலைதான் ஒலிபரப்பின் வரலாற்றையே மாற்றியது.

அது தொழிற்படும் முறை எளிது. சூடேறிய பகுதியிலிருந்து இலத்திரன்கள் பாய்கின்றன. நேர்மின்னழுத்தம் ஏற்றப்பட்ட தகடு அவற்றை இழுக்கின்றது. இடையிலுள்ள கம்பிவலையில் ஏற்றும் மின்னழுத்தம் சிறிதளவு கூடினாலும் குறைந்தாலும், பாயும் இலத்திரன்களின் தொகை பெரிதளவில் மாறுகின்றது. மதகுப் பலகையை ஒரு சிறுவன் கையால் உயர்த்தித் தாழ்த்த, வாய்க்கால் நிறையப் பாயும் நீர் கூடிக் குறைவது போன்றது இது. ஒலிவாங்கியில் எழும் மெல்லிய மின்னதிர்வைக் கம்பிவலைக்குக் கொடுத்தால், தகட்டிலே அதே வடிவான பேரதிர்வு கிடைக்கின்றது. இதுவே ஒலிபெருக்கத்தின் அடிப்படை. ஆனால் டி பொறஸ்றின் குழாயில் சிறிது வாயு எஞ்சியிருந்தமையால் அதன் போக்கு நிலையற்றதாயிருந்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஹரோல்ட் ஆர்னோல்ட், மற்றொரு நிறுவனத்தில் இர்விங் லாங்மியூர் ஆகியோர் குழாயினுள்ளே உயர்ந்த வெற்றிடத்தை உண்டாக்கிய பின்னரே அது நம்பத்தக்க கருவியாயிற்று. 1915ஆம் ஆண்டு சனவரியில் நியூயோர்க்குக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே மனிதக் குரல் கம்பிவழி சென்றபோது, வழியிலே அதனைத் தாங்கி நிறுத்தியவை இவ்வெற்றிடக் குழாய்களே.

இக்கருவி இலங்கைக்கு வந்துசேரப் பல காலம் செல்லவில்லை. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராக வந்த எட்வேர்ட் ஹாப்பர் 1923ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒலிபரப்புச் சோதனைகளைத் தொடங்கினார். கைப்பற்றப்பட்ட செருமனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டே அவரது முதற் கருவி அமைக்கப்பட்டது என்பது இலங்கை ஒலிபரப்பு வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், ஆளுநர் சேர் ஹியூ கிளிபோர்ட் வெலிக்கடையிலிருந்து முறையான ஒலிபரப்பைத் தொடக்கிவைத்தார். அங்கிருந்த கருவியின் ஆற்றல் மிகச் சிறிதே. இதற்கு ஓராண்டு முன்னர், 1924இல், சென்னையிலே கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் ஒரு வானொலிக் கழகம் சிறு கருவியொன்றைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. பாக்குநீரிணையின் இருகரைகளிலும் தமிழ்க் குரல் வானேறிய காலம் ஏறத்தாழ ஒன்றே எனலாம்.

இரண்டாம் உலகப் போர் இலங்கை ஒலிபரப்பின் அளவை மாற்றியது. தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இங்கு அமைந்தமையால், படைவீரர்க்கென ஏக்கலையில் 100 கிலோவாற்று ஆற்றலுடைய மார்க்கோனிச் சிற்றலைக் கருவி நிறுவப்பட்டது. 1949ஆம் ஆண்டிலே அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1951ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குரல் எனும் நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் மேலும் கருவிகள் கிடைத்தன. அதற்கு ஈடாக அந்நிறுவனத்துக்கு ஒலிபரப்பு நேரம் வழங்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு முதல் இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகியபோது, இலங்கை வானொலியின் வர்த்தக சேவை இந்தியா முழுவதும் செல்வாக்குப் பெற்ற கதை யாவரும் அறிந்ததே. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் இலங்கையில் மட்டுமன்றித் தமிழகத்து ஊர்களிலும் வீட்டுக் குரலாயிற்று.

அக்குரலைக் கேட்ட புத்தளக் கரையின் ஊர்களில் மின்கம்பி எட்டாத இடங்களே மிகுதி. அத்தகைய இடங்களில் வானொலிப் பெட்டி உலர் மின்கலத்தாலேயே இயங்கியது. வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ற்று மின்கலம் ஒன்றும், தகட்டுக்கு ஏற்றத் தொண்ணூறு வோல்ற்று மின்கலத் தொகுதி ஒன்றும் தேவைப்பட்டன. மின்கலம் விலை மிக்கது. அதனால் பெட்டி திறக்கும் நேரமும் அளந்தே வைக்கப்பட்டது. 1950களில் வந்த டிகே 96, டிஎப் 96, டிஏஎப் 96 எனும் வரிசையைச் சேர்ந்த வால்வுகள் முன்னைய வால்வுகள் வேண்டிய இழை மின்னோட்டத்திற் பாதியளவே, அஃதாவது 25 மில்லியம்பியர் அளவே, கொண்டன. குரலின் இனிமையைக் கூட்டுவது அவ்வரிசையின் நோக்கமன்று. மின்கலத்தின் ஆயுளைக் கூட்டுவதே அதன் நோக்கம். மீன்பிடித் தொழிலாளியின் குடிசைக்கு அதுவே பெரிய நன்மை.

திருவிழாக் காலங்களில் நிலைமை வேறு. முன்னேஸ்வரத்துத் தேர்விழா, உடப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் தீமிதி, தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தின் பெருவிழா ஆகியவற்றுக்குக் கூடும் மக்கள் தொகை பெரிது. இத்தகைய கூட்டங்களுக்கென வாடகைக்கு எடுக்கப்படும் ஒலிபெருக்கிகள் ஒரு தலைமுறைக் காலம் வால்வினாலேயே இயங்கின. இறுதி நிலையில் 6எல்6 அல்லது இஎல் 34 எனும் வால்வுகள் இரண்டோ நான்கோ, முன்நிலையில் இசிசி 83 போன்ற சிறு வால்வுகள், மின்வழங்கியில் ஒரு திருத்தி வால்வு என்பது அவற்றின் பொதுவான அமைப்பு. கடற்காற்றின் உப்பு அக்கருவிகளுக்குப் பகை. வால்வின் கால்களிலும் அவை பொருந்தும் குழிகளிலும் பாசிபோல் படியும் களிம்பு மின்தொடர்பைக் கெடுக்கும். வால்வைக் கழற்றி மீண்டும் செருகினாலே கரகரப்பு நீங்கிவிடுவது உண்டு. புது வால்வு போட்டதும் குரல் தெளிந்தது என்று எண்ணிய இடங்களிற் சிலவற்றில், தெளிவைத் தந்தது புது வால்வன்று. கழற்றிச் செருகும்போது தேய்ந்து துலங்கிய கால்களே.

இதனை அறிந்த தொழில்வல்லார் வால்வை மாற்றுமுன் சில சோதனைகளைச் செய்தனர். குப்பியின் உச்சியிலோ பக்கத்திலோ உட்புறமாகப் படிந்திருக்கும் வெள்ளிப் பூச்சை முதலிற் பார்ப்பர். வெற்றிடம் கெடாதிருப்பின் அது கண்ணாடி போலப் பளபளக்கும்; காற்றுப் புகுந்திருப்பின் பால்போல் வெளுத்துவிடும். வெளுத்த வால்வுக்கு மருந்தில்லை. பின்னர் வால்வை மரக்குச்சியால் மெல்லத் தட்டுவர். ஒலிபெருக்கியில் மணியடித்தாற்போல் ஓசை எழுமாயின், உள்ளுறுப்புகள் தளர்ந்து அதிர்கின்றன என்று கொள்வர். மூன்றாவது சோதனை இன்னும் நுட்பமானது. இணையாக உள்ள இரு வால்வுகளை இடம் மாற்றி வைப்பர். குறை வால்வோடு இடம் பெயர்ந்தால் குறை வால்வினுடையது. இருந்த இடத்திலேயே நின்றால் குறை அங்குள்ள தடையியிலோ கொள்ளளவியிலோ உள்ளது. காசு செலவின்றி உண்மையைக் காட்டும் சோதனை இது. எனினும் அக்கருவியினுள்ளே நானூறு வோல்ற்று வரை மின்னழுத்தம் உண்டு. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் கொள்ளளவியில் அது தங்கி நிற்கும். ஆகவே பயிற்சி இல்லாதவர் அதனைத் திறப்பது உயிருக்கு உலை வைப்பதாகும்.

பழுதான வால்வுக்குப் பதிலாக அதே வகைப் புது வால்வை இட்டால் குரல் திருந்துவதில் ஐயமில்லை. நல்ல வால்வை எடுத்துவிட்டு வேறொரு வகையை இட்டால் என்னாகும் என்பதே நுணுகிப் பார்க்க வேண்டியது. இசிசி 83, இசிசி 81, இசிசி 82 என்னும் மூன்றும் ஒரே ஒன்பதுகால் அடியுடையவை; ஒன்றின் குழியில் மற்றொன்று தடையின்றிப் பொருந்தும். ஆயினும் அவற்றின் பெருக்கக் காரணிகள் முறையே 100, 60, ஏறத்தாழ 20. முதலாவதன் இடத்தில் மூன்றாவதை இட்டால் ஒலி தாழும். தாழ்ந்த ஒலி காதுக்கு மென்மையாய்த் தோன்றலாம். அம்மென்மையை இனிமை என்று மயங்குவதும் எளிது. அவ்வாறே 6எல்6 வால்வின் இடத்தில் இஎல் 34 வால்வை இடுவோர், பின்னதன் இழை ஒன்றரை அம்பியர் மின்னோட்டம் வேண்டுவது என்பதையும், முன்னதற்கு 0.9 அம்பியரே போதும் என்பதையும் மறத்தலாகாது. நிலைமாற்றி அந்த மேலதிகச் சுமையைத் தாங்குமா, இஎல் 34 வால்வின் முதலாவது கால் உரிய இடத்தில் இணைக்கப்பட்டுள்ளதா, கம்பிவலையின் நிலை மின்னழுத்தம் மீண்டும் சரிசெய்யப்பட்டதா என்பனவெல்லாம் பார்த்தபின்னரே அம்மாற்றம் தகும். இல்லையேல் தகடு செந்தழலாகிச் சில நாழிகையில் வால்வும் கெடும்; அதனோடு நிலைமாற்றியும் எரியும்.

வால்வுக்கு வால்வு குரல் வேறுபடுவதைக் குறைக்கும் வழி ஒன்றை, 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் அமர்ந்திருந்த ஹரோல்ட் பிளாக் என்னும் பொறியியலாளர் கண்டார். வெளிவரும் ஒலியில் ஒரு பங்கை எதிர்முகமாக உள்ளே திருப்பிச் செலுத்தினால், கருவி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது அவர் கண்டது. பெருக்கத்தில் ஒரு பகுதியை இழந்து, அதற்கு விலையாக உண்மைத்தன்மையைப் பெறும் முறை இது. 1947ஆம் ஆண்டிலே டி. டி. என். வில்லியம்சன் இங்கிலாந்து இதழொன்றில் வெளியிட்ட ஒலிபெருக்கி அமைப்பு, கேரி 66 வால்வுகளையும் சிறந்த நிலைமாற்றியையும் இம்முறையோடு இணைத்து, அக்காலத்தில் கேட்டறியாத தெளிவைத் தந்தது. அதன் புகழுக்கு வால்வு மட்டும் காரணமன்று. வால்வு, நிலைமாற்றி, பின்னூட்டம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று அறிந்து அமைக்கப்பட்டமையே காரணம். இத்தகைய கருவியில் ஒரு நல்ல வால்வுக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த மற்றொரு நல்ல வால்வை இட்டால், காது உணரும் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கும்.

வீட்டுக் கருவியிற் காணும் இவ்வுண்மை, ஒலிபரப்பு நிலையத்திலே மலையளவாகப் பெருகித் தோன்றுகின்றது. வானலையின் வீச்சைக் குரலுக்கேற்பக் கூட்டிக் குறைப்பதே மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்புகளின் முறை. இறுதி வால்வின் தகட்டிலேயே குரலை ஏற்றும் பழைய முறையில், 100 கிலோவாற்று வானலைக்கு 50 கிலோவாற்று ஒலியாற்றல் வேண்டும். அஃதாவது அந்நிலையத்தினுள்ளே இருப்பது, திருவிழா ஒலிபெருக்கிகள் ஆயிரத்தை ஒன்றாக்கினாற் போன்ற ஒரு பேரொலிபெருக்கி. அதன் வால்வுகள் ஓர் ஆள் தூக்க இயலாத எடையுடையனவாகவும் இருக்கும். அவற்றின் தகட்டைச் சூழ்ந்து நீர் ஓடும். தகட்டில் பல்லாயிரம் வோல்ற்று நிற்பதால், உப்பு ஒரு துளியும் கலவாத தூய நீரே அதற்கு ஆகும். உப்பு விளையும் கரையில் உப்பற்ற நீரைக் காத்து வைப்பது ஒரு தனித்தொழில். இவ்வகை வால்வின் இழை அழுத்தத்தைச் சற்றே குறைத்து வைத்தால் ஆயுள் நீளும். மிகக் குறைத்தால் குரல் சிதையும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவைக் கண்டு, குரல் சிதையுமுன் வால்வை மாற்றுவதே நிலையப் பொறியியலாளரின் திறமை.

இத்தகைய பெருநிலையங்கள் இரண்டு புத்தளம் மாவட்டத்தில் எழுந்தன. 1970களின் இறுதியிலே, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஒத்துழைப்போடு, டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்னும் கிறித்தவ ஒலிபரப்பு நிறுவனம் புத்தளத்தில் மத்திய அலை நிலையத்தை அமைத்தது. 882 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில், 400 கிலோவாற்று ஆற்றலோடு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலே அது ஒலித்தது. அக்காலத்தில் அத்துணை ஆற்றலை வால்வு ஒன்றினாலேயே எழுப்ப இயலும். கரையின் இயல்பும் அதற்குத் துணையாயிற்று. வறண்ட நிலத்தின்மேற் செல்லும் மத்திய அலை விரைவிலே தேய்ந்துவிடும். மின்னைக் கடத்தும் உப்புநீரின்மேற் செல்லுங்கால் நெடுந்தொலைவு தேயாது. புத்தளத்திலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 200 கிலோமீற்றர்; இடையே கிடப்பது பெரும்பாலும் கடலே.

மற்றையது சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் அமைந்த, அமெரிக்காவின் குரல் நிலையம். அதன் வரலாறு வால்வின் வரலாறு மட்டுமன்று. 1980களில் அத்திட்டம் பேசப்பட்டபோதே இந்தியா ஐயுற்றது. 1987ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் கைச்சாத்தான இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் பொது ஒலிபரப்புக்கன்றிப் படைத்துறை, உளவு நோக்கங்களுக்குப் பயன்படாதவாறு அவ்வுடன்பாடுகள் மீளாய்வு செய்யப்படும் என்ற உறுதியும் இடம்பெற்றது. 1990களில் வேலை தொடங்கியபோது, அவ்வூர் மீனவரும் கத்தோலிக்கக் குடும்பத்தினரும் எதிர்த்து நின்றனர். கரைநிலம் பறிபோகும், தொழில் கெடும், வானலையால் உடல்நலம் குன்றும் என்பன அவர்தம் அச்சங்கள். ஆயினும் நிலையம் எழுந்தது. உலகின் பல திசைகளுக்கும் அங்கிருந்து குரல் சென்றது. தன் வாசலிலிருந்து புறப்பட்ட அக்குரலில் தன் சொல் ஒன்றேனும் உண்டா என்று அக்கரை மீனவர் கேட்டால், அதற்குத் தொழில்நுட்பத்தில் விடையில்லை.

காலம் மாறியது. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ஆய்வகமொன்றிற் பிறந்த டிரான்சிஸ்டர், 1960களில் வீட்டுப் பெட்டியிலிருந்து வால்வை வெளியேற்றத் தொடங்கியது. மின்கலச் செலவு குறைந்தது. வள்ளத்திலும் வானொலி ஏறியது. 1954இல் தொடங்கப்பட்ட பெங்களூரின் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் 1961 முதல் வால்வுகளை ஆக்கி வந்தது. 1980களின் அளவில் மேலைநாட்டு ஆலைகள் பல வால்வு உற்பத்தியை நிறுத்தின. அதே பதிற்றாண்டின் இறுதியிலிருந்து மத்திய அலைப் பெருநிலையங்களிலும் நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர் அலகுகளைச் சேர்த்து ஆற்றல் எழுப்பும் முறை பரவியது. அம்முறையில் ஓர் அலகு கெட்டாலும் குரல் நிற்பதில்லை. ஒரு பெரிய வால்வு கெட்டால் நிலையமே மௌனமாகிவிடும். இணையமும் செய்மதியும் பரவியபின் சிற்றலையின் தேவையும் குன்றியது. இரணவில நிலையம் 2016ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. 2020ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்று நாட்டை வாட்டியபோது, அவ்வளாகம் மருத்துவ நிலையமாக மாற்றப்பட்டது. உடல்நலம் கெடும் என்று அஞ்சி மக்கள் எதிர்த்த இடத்திலேயே நோயாளர் நலம் பெற்றுச் சென்றது காலத்தின் விந்தை.

வால்வு முற்றாக மறைந்துவிடவில்லை. உருசியாவிலும் சிலோவாக்கியாவிலும் சீனாவிலும் அஃது இன்றும் ஆக்கப்படுகின்றது. கித்தார் கலைஞரும் இசையன்பரும் அதனை விரும்பி வாங்குகின்றனர். மிகையான ஒலியில் வால்வு சிதையும் விதம் டிரான்சிஸ்டர் சிதையும் விதத்தினின்று வேறுபட்டது. அவ்வேறுபாட்டையே அவர்கள் இனிமை என்கின்றனர். கித்தார் இசைக்கு அச்சிதைவும் ஓர் அணி. பேச்சை உள்ளவாறே கொண்டுசேர்க்க வேண்டிய ஒலிபரப்புக்கோ அது குற்றம். ஆகவே வால்வை மாற்றினாற் குரல் திருந்துமா என்பதற்கு, வால்வு தேய்ந்திருந்தால் திருந்தும், கருவி அதற்கேற்பச் சரிசெய்யப்பட்டால் திருந்தும், வெறும் பெயரும் விலையும் கண்டு மாற்றினால் திருந்தாது என்பதே இந்நூற்றாண்டு வரலாறு தரும் விடை.

புத்தளக் கரையின் கதையோ அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கின்றது. மிகச் சிறிய ஆற்றலில் தொடங்கிய இலங்கையின் ஒலிபரப்பு, ஒரு நூற்றாண்டுக்குள்ளே நூற்றுக்கணக்கான கிலோவாற்றுகளுக்கு உயர்ந்தது. அவ்வுயர்வு முழுவதிலும் ஒலிவாங்கியின் முன்னே அமர்ந்தவர் சொன்னதையே வால்வு பெருக்கியது. சொல்லாததை அது சேர்க்கவில்லை. சொன்னதன் குறையை அது மறைக்கவுமில்லை. மின்கலம் தீர்ந்துவிடுமே என்று நேரம் அளந்து பெட்டியைத் திறந்த குடும்பங்கள் எதிர்பார்த்தது வானிலை, விலைவாசி, நல்ல பாட்டு, தம் மொழியில் தெளிவான நாலு சொல் ஆகியவற்றையே. அவற்றை வழங்கும் பொறுப்பு, வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்த பின்னும், ஒலிவாங்கியின் முன் அமர்வோரிடமே இருக்கின்றது.